துண்டுகள் தெரியும், ஒட்டு தெரியுமா? உருவகிப்புக் கோட்பாட்டுக்கு ஹோமாலஜி எதற்கு

கேள்வி இதுதான். முடிவுறு குலங்களின் உருவகிப்பை, அதாவது குலத்தின் உறுப்புகளை அணிகளாகச் செயல்பட வைப்பதை, ஒரு பருவம் முழுக்கப் படித்த ஒருவர் கேட்கிறார்: மாஷ்கே தேற்றம், ஷூர் துணைத்தேற்றம், கேரக்டர் அட்டவணை எல்லாம் முடிந்தன, எல்லாமே அழகாகப் பொருந்தின. அடுத்த பாடத்தில் கேட்டகரி, ஃபங்டர், எக்ஸ்ட், டிரைவ்ட் கேட்டகரி என்று சொற்களாக வந்து விழுகின்றன. இவை புதிதாக எதையாவது கணக்கிட்டுத் தருகின்றனவா, அல்லது தெரிந்ததையே கனமான மொழியில் திரும்பச் சொல்கின்றனவா? படிப்பதானால் எங்கே தொடங்குவது?

சந்தேகம் நியாயமானது. நீங்கள் இதுவரை வேலை செய்த இடத்தில் எக்ஸ்ட் (இரண்டு உருவகிப்புகள் பிரியாமல் ஒட்டும் வழிகளை அளக்கும் வெளி) எல்லாமே பூச்சியம். சிக்கலெண்கள் மீது ஒரு முடிவுறு குலத்தின் எந்த உருவகிப்பும் எளிய, அதாவது மேலும் உடையாத, உருவகிப்புகளின் நேர்க்கூட்டலாகப் பிரிந்துவிடுகிறது. அங்கே துண்டுகளின் பட்டியல் தெரிந்தால் மொத்தமும் தெரிந்ததாகிவிடும். அந்த உலகை விட்டு வெளியே வராதவருக்கு எக்ஸ்ட் போன்றவற்றைக் கணக்கிடும் ஹோமாலஜி உண்மையிலேயே தேவையில்லை. நான் படித்த காலத்தில் யாரும் இதை முதல் நாளே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல மாதக் குழப்பம் தவிர்ந்திருக்கும்.

வெளியே வந்தவுடன் நிலைமை மாறுகிறது. இப்படிப் பிரியும் என்று சொல்லும் மாஷ்கே தேற்றத்தின் நிரூபணத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு உள்வெளியின் மீது ஏதோ ஒரு வீழலை எடுத்து, அதைக் குலம் முழுவதும் சராசரி செய்கிறோம். சராசரி என்றால் குலத்தின் வரிசையால், அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையால், வகுக்க வேண்டும். களத்தின் சிறப்பெண் (1-ஐ எத்தனை முறை கூட்டினால் பூச்சியம் வருமோ அந்த எண்) அந்த வரிசையை வகுக்குமானால் நாம் பூச்சியத்தால் வகுக்கிறோம், நிரூபணம் அந்த வரியிலேயே முறிகிறது. தேற்றமும் கூடவே முறிகிறது என்பதற்கு மிகச் சிறிய சாட்சி போதும். சிறப்பெண் 2 உள்ள களத்தில், வரிசை 2 உள்ள குலத்தின் ஆக்கி, முதல் நிரையில் 1, 1 என்றும் இரண்டாம் நிரையில் 0, 1 என்றும் உள்ள அணியாகச் செயல்படட்டும். அந்த அணியின் வர்க்கத்தில் மேல் மூலையில் 2 வரும், அது அங்கே பூச்சியம். எனவே இது சரியான உருவகிப்புதான். முதல் அடித்தளத் திசையன் எழுப்பும் கோடு மாறாமல் நிற்கிறது. அதற்கு ஈடாக வேறொரு மாறாத கோடு இருக்கிறதா? இல்லை. அந்த அணிக்கு ஐகன் மதிப்பு 1 மட்டுமே, ஐகன் திசையனும் அந்த ஒரே திசையில்தான். இரண்டு துண்டுகளும் சாதாரணமான அற்ப உருவகிப்புகள் (எல்லா உறுப்பும் 1 ஆகவே செயல்படுபவை). ஆனால் அவை ஒட்டியிருக்கின்றன, பிரியவில்லை.

இந்த ஒட்டைத்தான் எக்ஸ்ட் அளக்கிறது. கீழே அ என்ற மாட்யூல் (உருவகிப்புக்கே இன்னொரு பெயர்), மேலே உ என்ற மாட்யூல், இரண்டையும் வைத்துக் கட்டிய மொத்தம் ந என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0 → அ → ந → உ → 0. இந்தத் தொடர் பிளவுபட, அதாவது ந இரண்டாகப் பிரிய, வேண்டுமானால், உ-வின் முற்றொருமை அமைவியத்தை (அமைவியம் என்பது குலத்தின் செயலோடு ஒத்துப்போகும் நேரியல் உருமாற்றம்) ந வரை உயர்த்த முடிய வேண்டும். இந்தத் தொடரின் ஒவ்வொரு உறுப்புக்கும் உ-விலிருந்து செல்லும் அமைவியங்களின் தொகுதியை, அதாவது ஹோமை, எடுங்கள். ஹோம்(உ, அ), ஹோம்(உ, ந), ஹோம்(உ, உ) என்ற மூன்றும் வரிசையாக வந்து, மூன்றாவதில் தடுமாறுகின்றன: ஹோம்(உ, ந) எல்லாவற்றையும் எட்டுவதில்லை. எட்டாமல் நிற்கும் குறையை வாங்கிக்கொள்ள அடுத்து ஒரு வெளி வேண்டும். அதுதான் எக்ஸ்ட்-1(உ, அ). முற்றொருமை அமைவியம் அங்கே போய் எந்தப் புள்ளியில் விழுகிறதோ அந்தப் புள்ளிதான் ந-வின் அடையாளம். அது பூச்சியமானால் தொடர் பிளவுபடும், இல்லையேல் பிளவுபடாது. ஹோம் ஒரு ஃபங்டர் (மாட்யூல்களையும் அமைவியங்களையும் வேறோர் உலகுக்கு எடுத்துச் செல்லும் விதி) என்ற நிலையில் துல்லியத்தை இழப்பதும், அதாவது மூன்றாவதை முழுக்க எட்டாததும், ந பிரிய மறுப்பதும் ஒரே நிகழ்வு. இந்த ஒரு பத்தி மனதில் பதிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது போல.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். அற்ப உருவகிப்பை அதன் மேலேயே ஒட்டினால் மூலைவிட்டத்தில் 1, 1, கீழே 0, மேல் மூலையில் ஏதோ ஒரு எண் என்ற வடிவில் அணிகள் கிடைக்கும். இரண்டு அணிகளைப் பெருக்கினால் மூலை எண்கள் கூடுகின்றன. ஆக, ஒட்டு என்பது குலத்திலிருந்து களத்தின் கூட்டல் குலத்துக்குச் செல்லும் ஒரு காப்பமைவியம். எக்ஸ்ட்-1(1, 1) (அடைப்புக்குள் 1 என்பது அற்ப உருவகிப்பு) என்பது அத்தகைய காப்பமைவியங்களின் வெளி. பயங்கரமாகத் தெரிந்த ஒன்று இவ்வளவுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த எடுத்துக்காட்டு. வரிசை 8 உள்ள இரண்டு குலங்கள்: சதுரத்தின் சமச்சீர்க் குலம், மற்றும் ஹாமில்டனின் குவாட்டர்னியன்களில் 1-உம் மூன்று கற்பனை அலகுகளும் அவற்றின் எதிர்மங்களும் சேர்ந்த குவாட்டர்னியன் குலம். இவை வேறு வேறு குலங்கள். முதலாவதில் வரிசை 2 உள்ள உறுப்புகள் (1 அல்லாதவை, வர்க்கம் 1 ஆகுபவை) ஐந்து, இரண்டாவதில் ஒன்றே ஒன்று. ஆனால் சிக்கலெண்கள் மீது இரண்டுக்கும் கேரக்டர் அட்டவணை (எளிய உருவகிப்புகளின் அணித் தடங்களைத் தொகுத்த பட்டியல்) ஒன்றே. நான்கு ஒற்றைப் பரிமாண உருவகிப்புகள், ஓர் இரட்டைப் பரிமாண உருவகிப்பு, உள்ளே நிரப்பும் எண்களும் அச்சு அசலாக அவையே. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

சிறப்பெண் 2-க்கு வாருங்கள். இங்கே இரண்டு குலங்களுக்கும் எளிய மாட்யூல் ஒன்றே ஒன்று, அற்ப மாட்யூல். துண்டுகளின் பட்டியல் முன்னைவிடவும் வறண்டு போகிறது. எக்ஸ்ட்-1(1, 1)-ஐ எடுத்தால் இரண்டுக்கும் பரிமாணம் 2, ஏனென்றால் இரண்டு குலங்களுக்கும் ஆக்கிகள் குறைந்தது இரண்டு வேண்டும். இன்னும் வேறுபாடு தெரியவில்லை. அடுத்த படிக்கு, எக்ஸ்ட்-2-க்குப் போனால் சதுரத்தின் குலத்துக்கு 3, குவாட்டர்னியன் குலத்துக்கு 2. இங்கேதான் இரட்டையர் பிரிகிறார்கள்.

இந்த 3-உம் 2-உம் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் உயர் எக்ஸ்ட் என்றால் என்ன என்று பலருக்குக் கடைசி வரை பிடிபடுவதில்லை. அற்ப மாட்யூலை நாம் நன்கறிந்த ஒன்றால், அதாவது குல இயற்கணிதத்தின் (குலத்தின் 8 உறுப்புகளையும் அடித்தளமாகக் கொண்ட மாட்யூலின்) பிரதிகளால், மூடப் பார்க்கிறோம். ஒரு பிரதி போதும். மூடியதில் மிச்சமாகும் உட்கருவின் பரிமாணம் 8 − 1 = 7. அதை மூட எத்தனை பிரதிகள் வேண்டும்? குலத்தின் ஆக்கிகள் எத்தனையோ அத்தனை, அதாவது 2. இப்போது மிச்சம் 16 − 7 = 9. அதை மூட எத்தனை? ஆக்கிகளுக்கு இடையே எத்தனை தொடர்புகள் வேண்டுமோ அத்தனை. பிறகு தொடர்புகளுக்கு இடையேயான தொடர்புகள், இப்படியே போகும். மிகச் சிக்கனமாக மூடிக்கொண்டு போனால், ஒவ்வொரு படியிலும் தேவைப்படும் பிரதிகளின் எண்ணிக்கைதான் அந்தப் படியின் எக்ஸ்ட் பரிமாணம். இந்த வேலைக்குப் பெயர் புராஜெக்டிவ் தீர்வுத்தொடர்.

சதுரத்தின் குலத்துக்கு வழக்கமான விவரிப்பு: இரண்டு பிரதிபலிப்புகள், ஒவ்வொன்றின் வர்க்கமும் 1, பெருக்கலின் நான்காம் அடுக்கு 1. மூன்று தொடர்புகள். குவாட்டர்னியன் குலத்துக்கு இரண்டே போதும். ஆக்கிகளை க, ம என்று வைத்துக்கொள்ளுங்கள். கமக = ம, மகம = க. இவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லையென்றால் கமகம என்று எழுதுங்கள் (வாசனையைப் பொருட்படுத்த வேண்டாம்). முதல் மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் மம, கடைசி மூன்றைச் சேர்த்துப் படித்தால் கக. ஆக இரண்டு ஆக்கிகளின் வர்க்கங்களும் சமம் என்று கிடைத்துவிட்டது. மீதியும் இப்படியே வரும். ஒரு குலத்தின் தொடர்புகளுக்கும் இரண்டாம் படி ஹோமாலஜிக்கும் உள்ள இந்த உறவை ஹைன்ஸ் ஹோஃப் 1942-இல் கண்டார். கேட்டகரி என்ற சொல்லை ஐலன்பெர்க்கும் மக்லேனும் கணிதத்துக்குக் கொண்டுவந்து விளக்கியது 1945-இல். எனவே காலவரிசையிலும் கணக்குதான் முந்தியது, மொழி பிந்தியது.

தொடர்ந்து எண்ணுங்கள். குவாட்டர்னியன் குலத்தில் இரண்டாம் படி மூடிய பிறகு மிச்சம் 16 − 9 = 7. அதை மூட ஒரே ஒரு பிரதி போதுமானதாகிறது, மிச்சம் 8 − 7 = 1. அந்த ஒற்றைப் பரிமாண மிச்சம் அற்ப மாட்யூலேதான். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! எனவே எக்ஸ்ட் பரிமாணங்கள் 1, 2, 2, 1, பிறகு மறுபடி 1, 2, 2, 1 என்று முடிவில்லாமல் சுழல்கின்றன. சதுரத்தின் குலத்திலோ 1, 2, 3, 4, 5 என்று படிக்கு ஒன்று கூடுகிறது, மிச்சங்கள் 7, 9, 15, 17, 23 என்று வீங்கிக்கொண்டே போகின்றன, திரும்பி வருவதே இல்லை.

இந்தச் சுழற்சி தற்செயல் அல்ல. குவாட்டர்னியன் குலம் நீளம் 1 உள்ள குவாட்டர்னியன்களின் கோளத்தில், அதாவது நான்கு பரிமாண வெளியில் இருக்கும் முப்பரிமாணக் கோளத்தில், எந்தப் புள்ளியையும் நிலையாக விடாமல் செயல்படுகிறது. அந்தக் கோளத்தைக் குலத்துக்கு இசைந்த செல்களாக வெட்டினால் நான்கு படிகள் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும். அதன் இரு முனையிலும் அற்ப மாட்யூல் நிற்கும், அந்த முனைகளைச் சேர்த்துத் தைத்தால் சுழற்சி. சதுரத்தின் குலத்துக்குள்ளே வரிசை 2 உள்ள இரண்டு சுழல் குலங்களின் நேர்ப்பெருக்கல் உட்கார்ந்திருக்கிறது. அது எந்தக் கோளத்திலும் இப்படிச் சுதந்திரமாகச் செயல்பட முடியாது. டேனியல் குவில்லன் 1971-இல் வெளியிட்ட முடிவு இதைப் பொதுவாக்குகிறது: சிறப்பெண் ப-வில் கோஹோமாலஜி பரிமாணங்கள் (அற்ப மாட்யூலின் எக்ஸ்ட் பரிமாணங்கள்தான்) எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பதை, வரிசை ப உள்ள சுழல் குலங்களின் நேர்ப்பெருக்கலாக அமைந்த உட்குலங்களில் மிகப் பெரியது எத்தனை காரணிகளைக் கொண்டது என்பது தீர்மானிக்கிறது. ஒன்றே என்றால் பரிமாணங்கள் ஒரு வரம்புக்குள் நிற்கும். இரண்டு என்றால் நேர்கோட்டு வேகத்தில் வளரும். ஒட்டுகளை எண்ணிக்கொண்டே போனால் குலத்தின் உள்ளமைப்பு வெளியே தெரிகிறது. கேரக்டர் அட்டவணை இதைச் செய்யவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

சரி, இதில் கேட்டகரி (பொருள்களும் அவற்றிடையே அமைவியங்களும் சேர்ந்த உலகம்) எங்கே? இதுவரை சொன்னதை எல்லாம் கேட்டகரி என்ற சொல்லே இல்லாமல் செய்யலாம், உண்மை. மொழியாக மட்டும் அது வரும் இடங்கள் நிறைய, அங்கே நீங்கள் எரிச்சல் அடைந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உழைப்பை மிச்சப்படுத்தும் இடங்கள் உண்டு. ஃபுரோபீனியஸ் நேர்மாற்று விதியை நீங்கள் கேரக்டர்களின் உள்பெருக்கமாகப் படித்திருப்பீர்கள். அதையே "தூண்டுதலும் கட்டுப்படுத்தலும் ஒன்றுக்கொன்று துணை ஃபங்டர்கள்" என்று (தூண்டுதல் உட்குலத்தின் உருவகிப்பைப் பெரிய குலத்துக்கு ஏற்றுவது, கட்டுப்படுத்தல் பெரிய குலத்தினுடையதை உட்குலத்துக்கு இறக்குவது) எழுதினால் வரும் லாபம் இது: இரண்டும் துல்லியத்தைக் காப்பதால், அதே விதி எல்லா எக்ஸ்ட்களுக்கும் ஒரே வரியில் நீண்டுவிடும். கேரக்டர் வடிவத்திலிருந்து அங்கே போக வழியே கிடையாது. அதன் விளைவாக, சிறப்பெண் ப-வில் ஒரு குலத்தின் கோஹோமாலஜி அதன் சைலோ உட்குலத்தின் (வரிசை ப-வின் அடுக்காக உள்ள மிகப் பெரிய உட்குலத்தின்) கோஹோமாலஜிக்குள் இழப்பின்றி அமர்கிறது. ஒரு பெரிய குலத்தின் கேள்வி ஒரு சிறிய குலத்தின் கேள்வியாகிறது.

இன்னும் வலுவான காரணம் தூணிகளில் இருக்கிறது. புள்ளிகளும் அவற்றுக்கிடையே அம்புகளும் கொண்ட வரைபடத்துக்கு பீட்டர் காப்ரியேல் வைத்த பெயர் அம்புக்கூடு என்ற பொருள் தரும் ஜெர்மானியச் சொல். அம்பறாத்தூணி என்ற நம் பழஞ்சொல் அப்படியே பொருந்துகிறது, சுருக்கமாகத் தூணி என்கிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளி, ஒவ்வொரு அம்பின் மீதும் ஒரு நேரியல் உருமாற்றம் வைத்தால் அது தூணியின் உருவகிப்பு. இரண்டு புள்ளி, ஒரே அம்பு என்றால் உருவகிப்பு என்பது வெறும் ஒரு அணி. இரண்டு பக்கமும் அடித்தளத்தை மாற்றிக்கொள்ளலாம். அணித் தரம் பற்றிய பாடத்தில் படித்ததுதான்: எந்த அணியும் 1-களும் 0-களுமாகக் குறைந்துவிடும். தூணி மொழியில், பிரிக்க இயலாத உருவகிப்புகள் மூன்றே. அவற்றின் பரிமாணங்கள் (1, 0), (0, 1), (1, 1).

இதில் எக்ஸ்ட் என்ன செய்கிறது? பரிமாணங்கள் x, y என்று எழுத வேண்டிய இடத்தில் ச, ட என்கிறேன். உருவகிப்பிலிருந்து அதற்கே செல்லும் அமைவியம் என்றால் இரண்டு புள்ளிகளிலும் ஒவ்வோர் அணி, அம்போடு ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையுடன். தேர்வுக்கு ச² + ட² அளவு இடம், நிபந்தனைகள் விழும் வெளியின் அளவு சட. நிபந்தனையின் உட்கரு ஹோம், எட்டாமல் போன மிச்சம் எக்ஸ்ட்-1. ஆக ஹோம் பரிமாணத்திலிருந்து எக்ஸ்ட்-1 பரிமாணத்தைக் கழித்தால் எப்போதும் ச² + ட² − சட, அம்பின் மீது எந்த அணி உட்கார்ந்திருந்தாலும் சரி. ஹோம் தனியாக மாறும், எக்ஸ்ட் தனியாக மாறும், கழித்தல் மட்டும் அசையாது. எந்தத் தூணிக்கும் இப்படி ஓர் இருபடி வடிவம் உண்டு. அது நேர்மமாக இருக்கும் தூணிகளுக்கு மட்டுமே பிரிக்க இயலாத உருவகிப்புகள் முடிவுறு எண்ணிக்கையில் இருக்கும், அவை டிங்கின் வரைபடங்கள் (லீ இயற்கணித வகைப்பாட்டில் வரும் வரைபடங்கள்) ஏ, டி, இ ஆகியவைதான் என்பது காப்ரியேலின் 1972 தேற்றம். லீ இயற்கணிதத்தில் வரும் நேர்ம மூலங்களின் எண்ணிக்கையே இங்கே பிரிக்க இயலாத உருவகிப்புகளின் எண்ணிக்கை: இ-6-க்கு 36, இ-7-க்கு 63, இ-8-க்கு 120. லீ இயற்கணிதம் எதையும் உள்ளே விடாமல் எழுதிய கேள்விக்கு விடையாக அது வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இரண்டு புள்ளிக்கு இடையே அம்பு இரண்டாகட்டும். வடிவம் ச² + ட² − 2சட, அதாவது (ச − ட)². ச = ட = 1 என்று வைத்தால் பூச்சியம், நேர்மம் போய்விட்டது. அங்கே உருவகிப்பு என்பது இரண்டு எண்கள், இரண்டும் ஒருசேரப் பூச்சியம் ஆகாதவரை அவற்றின் விகிதம் மட்டுமே முக்கியம். விகிதங்கள் ஒரு வீழ்ப்புக் கோட்டின் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிரிக்க இயலாத உருவகிப்பு, எந்த இரண்டும் சமமல்ல. ஹோம் பரிமாணம் 1, எக்ஸ்ட்-1 பரிமாணமும் 1. அந்த எக்ஸ்ட் இங்கே புதிய பொருள் ஒன்றைக் காட்டுகிறது: அந்தக் குடும்பத்துக்குள் நகர்வதற்கு ஒரு திசை இருக்கிறது என்கிறது. தன்மேல் தன்னையே ஒட்டும் வழிகளும் தன்னைச் சற்றே மாற்றும் வழிகளும் ஒன்று. குரோனெக்கர் 1890-இல் இரட்டை அணிகளை வகைப்படுத்தியபோது இந்தத் தூணியைத்தான் தீர்த்தார், அந்தப் பெயர் இல்லாமல்.

வீழ்ப்புக் கோடு இங்கே வெறும் குறியீட்டுப் பட்டியலாக வந்ததா? பெய்லின்சன் 1978-இல் கொடுத்த விடை, இல்லை என்பது. வீழ்ப்புக் கோட்டின் மீதான ஒத்திசைவுக் கற்றைகளின் (அந்தக் கோட்டின் மீது பரவிய மாட்யூல்கள் போன்றவற்றின்) டிரைவ்ட் கேட்டகரியும் (அதன் பொருளை அடுத்த பத்தியில் சொல்கிறேன்), இரண்டு அம்புத் தூணியின் உருவகிப்புகளின் டிரைவ்ட் கேட்டகரியும் சமானம். கேட்டகரிகளாகவே பார்த்தால் இவை சமானமல்ல. தூணியின் பக்கத்தில் எந்த உருவகிப்பும் முடிவுறு நீளம் கொண்டது. கற்றைகளின் பக்கத்தில் கட்டமைப்புக் கற்றைக்குள் உட்கற்றைகள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். டிரைவ்ட் கேட்டகரிக்கு ஏறியவுடன் இரண்டும் ஒன்றாகின்றன. கோட்டின் ஒரு புள்ளியில் குவிந்த கற்றை, நாம் பார்த்த (1, 1) உருவகிப்புகளில் ஒன்றாக மாறுகிறது.

டிரைவ்ட் கேட்டகரி என்றால் என்ன என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன், முழுக் கட்டுமானம் பாடநூலில் இருக்கட்டும். மாட்யூலுக்குப் பதிலாக அதன் தீர்வுத்தொடரையே பொருளாக வைத்துக்கொள்கிறோம், ஒரே ஹோமாலஜியைத் தரும் அமைவியத்தால் இணைந்த சங்கிலித்தொடர்களை ஒன்றாகவே கருதுகிறோம். அங்கே ஹோம்-உம் எல்லா எக்ஸ்ட்களும் ஒரே வகைப் பொருள்கள், படி மட்டும் தள்ளிப்போகிறது. வெர்டியே 1960-களில் குரோதெந்தீக்கின் வழிகாட்டலில் இதைக் கட்டியபோது நோக்கம் வடிவியல்தான். உருவகிப்புக்காரர்கள் பிறகு வந்து எடுத்துக்கொண்டார்கள், இன்று அவர்கள் இல்லாமல் அந்தப் பாடமே இல்லை.

இவ்வளவு தூரம் ஏறுவதால் முடிவுறு குலங்களுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஐந்து எழுத்துகளின் இரட்டை வரிசைமாற்றக் குலத்தை எடுங்கள், வரிசை 60. அதன் 2-சைலோ உட்குலத்தின் வரிசை 4, அந்த உட்குலத்தின் இயல்பாக்கி நான்கு எழுத்துகளின் இரட்டை வரிசைமாற்றக் குலம், வரிசை 12. சிறப்பெண் 2-இல், போதிய அளவு பெரிய களத்தின் மீது, பெரிய குலத்தின் முதன்மைப் பிளாக்கில் (குல இயற்கணிதம் உடையும் துண்டுகளில் அற்ப மாட்யூல் இருக்கும் துண்டில்) சாதாரணக் கேரக்டர்கள் 4 (பரிமாணம் 1, 3, 3, 5), எளிய மாட்யூல்கள் 3 (பரிமாணம் 1, 2, 2). சிறிய குலத்திலும் கேரக்டர்கள் 4, எளிய மாட்யூல்கள் 3, ஆனால் அந்த மூன்றும் ஒற்றைப் பரிமாணம். எண்ணிக்கைகள் ஒத்துப்போகின்றன. ஏன்? மொரிட்டா சமானம் (மாட்யூல்களின் கேட்டகரிகளே சமானம் என்பது) என்ற நேரடி விளக்கம் இங்கே பலிக்காது. பெரிய குலத்தில் அற்ப மாட்யூலின் புராஜெக்டிவ் மூடி (குல இயற்கணிதத்தின் துண்டுகளில் அதை மூடும் மிகச் சிறியது) 12 பரிமாணம், அதில் அற்ப மாட்யூல் 4 முறை வருகிறது. சிறிய குலத்தில் எல்லா மூடிகளும் 4 பரிமாணம், எதிலும் எந்த மாட்யூலும் 2 முறைக்கு மேல் வருவதில்லை. துண்டுகளின் கணக்கே வேறு. ஆனால் இரண்டின் டிரைவ்ட் கேட்டகரிகளும் சமானம். ஒரு பக்கத்தின் எளிய மாட்யூல் மறுபக்கத்தில் ஒரு மாட்யூலாக இருக்க வேண்டியதில்லை, ஒரு சங்கிலித்தொடராக இருக்கலாம். எண்ணிக்கை மட்டும் தப்பாமல் நிற்கும், ஏனென்றால் அதை டிரைவ்ட் கேட்டகரியிலிருந்தே படித்துவிடலாம்.

இரண்டு இயற்கணிதங்களின் டிரைவ்ட் கேட்டகரிகள் எப்போது சமானம் என்பதற்கான அளவுகோலை ஜெரமி ரிக்கர்ட் 1989-இல் தந்தார். மேலே சொன்னது போன்ற எண் ஒற்றுமைகள், குறைபாட்டுக் குலம் (ஒவ்வொரு பிளாக்குக்கும் உரிய ஒரு ப-உட்குலம்) பரிமாற்றுக் குலமாக இருக்கும் எல்லாப் பிளாக்குகளுக்கும் டிரைவ்ட் சமானத்திலிருந்தே வருகின்றன என்று மிஷேல் ப்ரூவே 1990-ஐ ஒட்டி முன்வைத்த ஊகம் பொதுவாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை. சமச்சீர்க் குலங்களுக்கு ஜோ சுவாங், ரஃபாயேல் ரூக்கியே இருவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் முடித்தார்கள். அவர்களின் கருவி மற்றொரு கேட்டகரி யோசனை: லீ இயற்கணிதம் ஒன்று திசையன் வெளியின் மீது செயல்படுவதற்குப் பதிலாகக் கேட்டகரிகளின் மீதே செயல்படுவது. கேட்டகரி என்பது வெறும் மொழி என்று யாராவது சொன்னால் நான் முதலில் நீட்டுவது இந்தக் கட்டுரையைத்தான்.

லீ இயற்கணிதம் பக்கம் வெய்ல் கேரக்டர் வாய்பாட்டைப் பார்த்திருந்தால் ஒரு சொல். அதன் தொகுதியில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருமே, அது ஓர் ஆய்லர் சிறப்பெண் (களத்தின் சிறப்பெண் அல்ல, ஒரு தொடரின் படிகளை மாறி மாறிக் கூட்டிக் கழித்துக் கிடைப்பது). கெல்ஃபாண்ட் இருவர், தந்தையும் மகனும், என்பதால் முழுப்பெயரே சொல்கிறேன்: யோசிஃப் பெர்ன்ஷ்டைன், இஸ்ரேல் கெல்ஃபாண்ட், செர்கேய் கெல்ஃபாண்ட் மூவரும் 1970-களில், முடிவுறு பரிமாண எளிய மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் வெர்மா மாட்யூல்களால் (லீ இயற்கணிதத்தின் முடிவிலிப் பரிமாண மாட்யூல்களில் ஒரு வகை) ஆன ஒரு தீர்வுத்தொடரைக் கட்டினார்கள். அதன் ஒற்றைப் படிகளைக் கழித்து இரட்டைப் படிகளைக் கூட்டினால் வாய்பாடு வந்துவிடுகிறது. முடிவிலிப் பரிமாண எளிய மாட்யூல்களுக்கு இவ்வளவு நேர்த்தியான தொடர் பொதுவாகக் கிடைக்காது. அங்கே கஜ்தான், லூஸ்டிக் இருவரும் 1979-இல் வரையறுத்த பல்லுறுப்புக்கோவைகள் தேவை. அவற்றின் குணகங்கள், வெர்மா மாட்யூலுக்கும் எளிய மாட்யூலுக்கும் இடையேயான எக்ஸ்ட் பரிமாணங்கள். குணகங்கள் ஏன் எதிர்மமாவதில்லை என்று கேட்டால், பரிமாணம் எதிர்மமாகாது என்பதே விடை. இது தனிப் பதிலுக்குரிய விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நிறமாலைத் தொடர்களில் (ஹோமாலஜியைப் படிப்படியாகக் கணக்கிடும் கனமான கருவி) தொடங்காதீர்கள், டிரைவ்ட் கேட்டகரியின் வரையறையிலும் தொடங்காதீர்கள். மூன்று எழுத்துகளின் சமச்சீர்க் குலத்தைச் சிறப்பெண் 3-இல் எடுத்து ஒரு மாலை முழுக்கக் கையால் கணக்கிடுங்கள். எளிய மாட்யூல்கள் இரண்டே: அற்பம், குறி (வரிசைமாற்றம் இரட்டையானால் 1, ஒற்றையானால் −1). ஒவ்வொன்றின் புராஜெக்டிவ் மூடியும் மூன்று பரிமாணம், மூன்றடுக்குக் கோபுரம். அற்பத்தின் மூடியில் மேலிருந்து அற்பம், குறி, அற்பம். குறியின் மூடியில் குறி, அற்பம், குறி. அற்பத்தை மூடுங்கள், மிச்சத்தை மூடுங்கள், அதன் மிச்சத்தை மூடுங்கள். முதல் மூடி அற்பத்தினுடையது, அடுத்த இரண்டும் குறியினுடையவை. நான்காவது எதனுடையது, அதற்குப் பிறகு மிச்சமாக நிற்பது எந்த மாட்யூல் என்று எழுதிப் பார்த்துவிட்டு, அதைக் குவாட்டர்னியன் குலத்தின் 1, 2, 2, 1-க்குப் பக்கத்தில் வையுங்கள்.